மருத்துவ மையத்தை யார் மதிப்பிடுவது?

(வேளச்சேரியில் நடைபெற்ற கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



கண்ணியத்திற்குரிய பெரியோர்களே, உதவித்தொகை பெற வந்திருக்கும் மாணவ, மாணவியரே!

உங்களில் பலர் விடுதியில் தங்கிப் படிக்கிறீர்கள். உங்கள் பல்கலைக்கழக மருத்துவ மையம் எப்படி என்று கேட்டால், "டாக்டர் நன்றாகப் பார்க்கிறார்", "மாத்திரை கிடைக்கிறது" என்பீர்கள். அந்தக் கட்டடம் நோயாளிக்கு உதவுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

மழைக்காலம் வந்தால் வேளச்சேரிக்கு டெங்கு பயமும் வந்துவிடும். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ஆபத்து தொடங்கலாம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அதாவது, ஒருமுறை போய்வந்த பிள்ளை மறுபடியும் போக வேண்டும். முதல் நாளே உட்கார இடமில்லை, பதிவு செய்யும் ஜன்னலில் நாலு பேர் காதில் விழும்படி நோயைச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், அந்தப் பிள்ளை மறுபடி போகுமா? குறிப்பாக, பெண்பிள்ளைகள் வலியைப் பொறுத்துக்கொண்டு அறையிலேயே படுத்துவிடுவார்கள்.

நம் பக்கத்திலுள்ள சென்னை ஐ.ஐ.டி. வளாகத்துக்குள்ளேயே மருத்துவமனை உண்டு. அங்கும் 2020 டிசம்பரில் 100 பேருக்கு மேல் கொரோனா பரவியது; மாணவர்களைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்தார்கள். குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. கூடி வாழும் இடத்தில் ஒருவர் நோய் எல்லோரையும் தொடும். அதனால் காய்ச்சல்காரர் உட்காரத் தனி இடமும் நல்ல காற்றோட்டமும் அவசியம்.

இது நமக்குப் புதிதல்ல. கெய்ரோவில் 1284-இல் சுல்தான் கலாவூன் வக்ஃபாக நிறுவிய மருத்துவமனையில் காய்ச்சலுக்கும், கண்நோய்க்கும், அறுவை சிகிச்சைக்கும், பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் இருந்தன.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இருவர் இருவராக உங்கள் மையத்துக்குப் போய், விடுதி வாசலிலிருந்து மருந்து வாங்கும் இடம்வரை ஒரு நோயாளியைப் போல நடந்து பாருங்கள். இரவில் வழியில் விளக்கு எரிகிறதா? மழைத் தண்ணீர் தேங்குகிறதா? சக்கர நாற்காலி போகச் சாய்தளம் உண்டா? ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளமாவது வேண்டும். கதவு 90 சென்டிமீட்டராவது திறக்க வேண்டும். இது சலுகையல்ல, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களில் தடையற்ற வசதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கழிவறைக்குள் தாழ்ப்பாளும் தண்ணீரும் உண்டா? உள்ளே டாக்டரிடம் பேசுவது வெளியே கேட்கிறதா?

பிறகு மூன்று தரப்பாரிடம் கேளுங்கள்: சிகிச்சைக்கு வருபவர்கள், அங்கே வேலை செய்யும் நர்ஸம்மாவும் துப்புரவுப் பணியாளரும், நோய் வந்தும் அங்கே போகாதவர்கள். மூன்றாமவரை விட்டுவிடாதீர்கள். அவர் ஏன் போகவில்லை என்பதில்தான் பாதி உண்மை இருக்கிறது.

கண்டதை ஒரே பக்கத்தில் எழுதித் தாருங்கள். நல்லதையும் எழுதுங்கள். பெரிய கட்டட வேலை எல்லாவற்றுக்கும் தேவைப்படாது. ஒரு திரை, ஒரு விளக்கு, நாலு நாற்காலி போதுமானதாக இருக்கலாம். அறக்கட்டளையின் கடிதத்தோடு மரியாதையாக உங்கள் நிர்வாகத்திடம் சேர்ப்போம்.

உடல் நலம் அல்லாஹ் தந்த அமானத். அதைப் பேணும் இடங்களைச் சீராக்கும் நல்வாய்ப்பை அவன் நமக்கு அருள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.