பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது?

(வானொலி மறையுரை: பொதுக்காலம் 3-ஆம் ஞாயிறு, குடியரசு நாள், 26 ஜனவரி 2025. வாசகங்கள்: நெகேமியா 8, 1 கொரிந்தியர் 12, லூக்கா 1, 4)



இன்றைய முதல் வாசகத்தில் எஸ்ரா சட்டநூலை எடுத்து வந்து, தண்ணீர் வாயிலுக்கு எதிரே உள்ள வெளியில் காலை முதல் நண்பகல் வரை வாசிக்கிறார். ஆண்கள், பெண்கள், கேட்டுப் புரிந்துகொள்ளக் கூடிய எல்லாரும் நிற்கிறார்கள். கேட்டு அழுகிறார்கள். அந்த அழுகைக்குக் காரணம் தேடினால், அதே நூலில் மூன்று அதிகாரம் பின்னால் போய்ப் பாருங்கள். ஐந்தாம் அதிகாரத்தில் மக்கள் நெகேமியாவிடம் முறையிடுகிறார்கள்: வயலை அடகு வைத்தோம், வரி கட்டக் கடன் வாங்கினோம், இப்போது எங்கள் பிள்ளைகளையே அடிமைகளாகக் கொடுக்கிறோம் என்கிறார்கள். கடன் கொடுத்தவர்கள் அந்நியர் அல்லர், சொந்த இனத்தார். அந்தக் கணக்கெல்லாம் மனத்தில் இருக்கும்போதுதான் சட்டநூல் வாசிக்கப்படுகிறது. யார் யார் எதற்காக அழுதிருப்பார்கள் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

நற்செய்தியிலும் நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் ஓர் ஏடு விரிக்கப்படுகிறது. சிறைப்பட்டோருக்கு விடுதலை என்று அதில் எழுதியிருக்கிறது. இன்றைக்கு நம் நாட்டில் இன்னொரு ஏட்டின் நாள். 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்புக்கு இன்று 75 ஆண்டு நிறைகிறது. அதில் அடிமைத்தனத்தைப் பற்றியும் வாக்குரிமையைப் பற்றியும் என்ன இருக்கிறது, அது நம் கடற்கரையை எப்படித் தொட்டது என்பதைக் கொஞ்சம் பேசலாம்.

தூத்துக்குடி என்றால் முத்து என்போம். புனித சவேரியார் 1542-இல் வந்து நடந்த கரை என்போம். இதே கரையில் மனிதரும் சரக்காக ஏற்றப்பட்டார்கள் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. போர்த்துக்கீசியர் அடிமை வணிகத்தில் கை நனைத்தவர்கள்தாம். ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்பதால் அந்தக் கை சுத்தமாகிவிடவில்லை. 1658-இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்களும் அப்படியே. 1673 முதல் 1677 வரை மதுரை நாட்டில் மழையும் இல்லை, அமைதியும் இல்லை. அந்த நான்கைந்து ஆண்டுகளில் டச்சுக் கம்பெனி இந்தக் கடற்கரையிலிருந்து 1,800-க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாகக் கப்பலேற்றியது. அவர்களின் எண்ணிக்கை கம்பெனிக் கணக்கில் இருக்கிறது. பெயர்களை யார் எழுதி வைத்தார்கள்?

பிரிட்டிஷ் பேரரசு 1833-இல் அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தபோது, கம்பெனி ஆண்ட இந்தியாவையும் இலங்கையையும் அதிலிருந்து விலக்கி வைத்தது. இந்தியாவில் 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் வந்தது. அதுவும் யாருடைய விலங்கையும் நேராக அறுக்கவில்லை. ஒருவர் இன்னொருவரின் அடிமை என்று சொல்லிக்கொண்டு வந்தால் நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்காது என்று மட்டுமே சொன்னது. அடிமையை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்று ஆனது 1862-இல், இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான்.

அதற்குள் வேறொரு ஏடு திறந்துவிட்டது. இலங்கை மலைகளில் முதலில் காப்பிக்கு, பிறகு தேயிலைக்கு ஆள் வேண்டியிருந்தது. நம் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். தனுஷ்கோடிப் பாதை 1914-இல் திறக்கும்வரை கொழும்புக்கு ரயிலும் கப்பலுமாகப் போகிறவர்கள் தூத்துக்குடிக்குத்தான் வந்தார்கள். வழிச்செலவு முன்பணம். அரிசி முன்பணம். கம்பளி முன்பணம். எல்லாம் கங்காணியின் கணக்கில் ஏறும். கடன் தொகை எழுதிய 'துண்டு' என்ற சீட்டைத் தீர்த்தால்தான் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகலாம். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். விலை பேசவில்லை என்பார்கள். ஆனால் சீட்டில் தொகை இருந்தது. அந்தத் துண்டு முறை 1921-இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு நம் அரசியலமைப்பைத் திறந்து பாருங்கள். 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 23-ஆவது பிரிவு மனித வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. இந்த இரண்டு பிரிவுகளும் அரசாங்கத்தை மட்டும் கட்டுப்படுத்துவன அல்ல. முதலாளியையும், மிராசுதாரரையும், உங்களையும் என்னையும் கட்டுப்படுத்துகின்றன. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வர 1976 ஆனது. 1982-இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் கட்டட வேலை செய்தவர்களின் வழக்கில், உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்கினால் அதுவே கட்டாய உழைப்பு என்றது. தடியைக் காட்டி மிரட்ட வேண்டியதில்லை, பசி மிரட்டினாலும் கட்டாயம் கட்டாயம்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

நம் பக்கம் இது யாருக்கு உறைக்கிறது? உப்பளத்தில் மழைக்காலத்தில் வேலை இருக்காது. அப்போது வாங்கிய முன்பணம் கோடையில் முதுகில் உட்காரும். கரையில் வலைக்கும் இன்ஜினுக்கும் கடன் கொடுத்தவர் சொன்ன விலைக்கே மீனைப் போட வேண்டும். ஏலத்துக்குக் கொண்டுபோக வழியில்லை. கொடுத்தவரும் வாங்கியவரும் இன்று காலை ஒரே பந்தியில் நற்கருணை வாங்கியிருப்பார்கள். அடிமை, உரிமைக் குடிமகன் என்ற வேறுபாடு இல்லாமல் ஒரே உடல் என்று புனித பவுல் எழுதியது இரண்டாம் வாசகத்தில் வந்தது. கணக்கு நோட்டு வைத்திருப்பவர்கள் இன்றைக்கு அதை வீட்டில் ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். வட்டி எத்தனை முறை முதலைத் தாண்டியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள், போதும்.

வாக்குரிமைக்கு வருவோம். 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வாக்களிக்கச் சொத்தோ, வரி ரசீதோ, படிப்போ இருக்க வேண்டும். நிலம் இல்லாமல் கடலை நம்பி வாழ்ந்தவருக்கு எந்த ரசீது இருந்திருக்கும்? கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதியும் அப்போது இருந்தது. அரசியல் நிர்ணய சபையில் சென்னை லயோலா கல்லூரி முதல்வர், இயேசு சபைக் குரு ஜெரோம் டி'சூசா இருந்தார். துணைத் தலைவராக எச்.சி. முகர்ஜி என்ற கிறிஸ்தவர் இருந்தார். தனித் தொகுதியை விட்டுவிட்டு எல்லாரோடும் ஒரே பட்டியலில் நிற்கும் முடிவுக்கு நம்மவர்களும் இணங்கினார்கள். சிலருக்கு அதில் இன்றும் மனத்தாங்கல் உண்டு. எனக்கு அது சரியான முடிவாகவே தோன்றுகிறது. 326-ஆவது பிரிவு 21 வயது நிறைந்த அனைவருக்கும் வாக்குக் கொடுத்தது. 1989-இல் அது 18 வயதானது.

ஆனால் வாக்கு சட்டத்தில் இருந்தால் போதாது, பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். 1951-52-இல் நடந்த முதல் தேர்தலுக்குப் பட்டியல் எழுதப் போனபோது, வட மாநிலங்களில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே எழுதச் சொன்னார்கள். முதல் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அப்படி எழுத ஒப்பவில்லை. சொந்தப் பெயர் கிடைக்காததால் ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். கடுமைதான். அடுத்த தேர்தலுக்குள் பெயர் சொல்ல வைத்ததும் அந்தக் கடுமைதான். அமெரிக்காவில் 1865 முதல் 1870-க்குள் மூன்று திருத்தங்கள் அடிமைத்தனத்தை ஒழித்து, குடியுரிமை தந்து, நிறம் பார்த்து வாக்கை மறுக்கக் கூடாது என்றன. அதன் பிறகும் தென் மாநிலங்களில் வரி, எழுத்துத் தேர்வு என்று சொல்லிக் கறுப்பின மக்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தினார்கள். அதைச் சரிசெய்ய 1965 வரை போராட வேண்டியிருந்தது.

நம் கரையிலிருந்து போனவர்களுக்கு இலங்கையில் நடந்தது இதைவிட விசித்திரம். 1931-இலேயே அங்கே வயதுவந்தோர் வாக்குரிமை வந்துவிட்டது. தோட்டத் தமிழர்களுக்கு நிபந்தனைகள் இருந்தும் பலர் வாக்களித்தார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. அடுத்த ஆண்டே, 1948-இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனும் பாட்டனும் பிறந்த இடத்துக்குக் காகிதம் கேட்டது. லயத்து அறையில் யார் காகிதம் வைத்திருந்தார்கள்? குடியுரிமை போயிற்று, 1949-இல் வாக்கும் போயிற்று. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்க்கலாம் என்று. நாடற்றவர்களாக எஞ்சியவர்களுக்கு இலங்கை நாடாளுமன்றம் 2003-இல்தான் ஒரு சட்டத்தின் மூலம் குடியுரிமை கொடுத்தது.

அதற்குள் கலவரத்துக்குப் பயந்து கடல் தாண்டி இங்கே வந்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். மறுவாழ்வு முகாம்களில் இருக்கும் பலர் இந்த மலையகக் குடும்பங்கள். 2019-இல் திருத்தப்பட்ட நம் குடியுரிமைச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. அதே ஆண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியினரான முகாம்வாசிகளின் மனுவைக் கருணையோடு பரிசீலிக்கும்படி சொன்னது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் உள்நாட்டுப் பங்கு ஒன்றில் இருந்தபோது, முகாமிலிருந்து ஓர் அம்மா வந்தார். அவருடைய பாட்டனின் தகப்பனார் இந்த ஊரிலிருந்து போனவராம். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் மட்டும் தெரியும். திருமுழுக்கு ஏடுகளை இறக்கினேன். பூச்சி அரித்த ஏடுகள். இரண்டு நாள் தேடினோம். மூன்றாம் நாள் கிடைத்தது: குழந்தையின் பெயர், தாய் தகப்பன் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், பழைய கையெழுத்தில். அந்த அம்மா எழுத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. நான் சான்றிதழ் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தேன். பிளாஸ்டிக் உறையில் மற்ற காகிதங்களோடு செருகிக்கொண்டு கேட்டார்: "சாமி, இதை இனி யாருகிட்ட குடுக்கணும்?"

எனக்கும் தெரியவில்லை. உட்காருங்கம்மா என்று சொல்லி, மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதத் தொடங்கினோம்.