கினிப்பன்றிக்கு ஒரு வீடு



எங்கள் தெருவில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூறி இப்பேச்சைத் தொடங்க விரும்புகிறேன். பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவனுக்கு அவன் தந்தையார் இரண்டு கினிப்பன்றிகளை வாங்கித் தந்தார். அவற்றோடு ஓர் அழகிய கம்பிக் கூண்டும் வந்தது. நாற்புறமும் கம்பி, அடியிலும் கம்பி, அளவோ இரண்டடிக்கு ஒன்றரை அடி. சிறுவனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. காலை வேளையில் நிழலும் காற்றும் நிறைந்திருந்த மேற்குச் சாளரத்தின் அருகே கூண்டை வைத்தான். வேளை தவறாமல் உணவிட்டான். பங்குனி மாதத்தில் ஒரு நாள் மாலை, பள்ளியிலிருந்து திரும்பியவன் அலறிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தான். போய்ப் பார்த்தபோது ஒன்று உயிரற்றுக் கிடந்தது. மற்றொன்று கால்களை நீட்டிப் படுத்து, வாயோரம் நீர் வடிய, விரைந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அச்சிறுவன் அவற்றைத் துன்புறுத்தியவன் அல்லன்; பட்டினி போட்டவனும் அல்லன். காலையில் நிழலாக இருந்த அந்தச் சாளரத்துக்குப் பிற்பகலில் கதிரவன் வந்து சேர்வான் என்பதை மட்டும் அவன் எண்ணிப் பார்க்கவில்லை. காட்டில் வாழும் விலங்கு வெயில் வந்தால் நிழலுக்குப் போகும். தரை குத்தினால் வேறிடம் தேடும். அழுக்குச் சேர்ந்தால் விலகிச் செல்லும். கூண்டில் வாழும் விலங்குக்கு இவற்றுள் ஒன்றும் இயலாது. அதற்காக எண்ணிப் பார்க்க வேண்டியவர் நாமே. ஆகவே, வளர்ப்பு விலங்குக்கு அமைக்கும் வீடு வெறும் அலங்காரம் அன்று. அதன் உயிரையே தாங்கி நிற்பது.

கினிப்பன்றியைச் சீமைப் பெருச்சாளி என்றும் கூறுவதுண்டு. பெயரில் பன்றி இருப்பினும் அது பன்றி இனத்தைச் சேர்ந்ததன்று. கினி நாட்டில் தோன்றியதுமன்று. எலி, அணில் ஆகியவற்றைப் போலக் கொறித்துண்ணும் விலங்கு அது. அதன் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர். பெரு, பொலிவியா, எக்வடார் நாடுகளின் மலைமக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதை உணவுக்காக வீட்டில் வளர்க்கத் தொடங்கினர். அவர்கள் மொழியில் அதன் பெயர் 'குய்' என்பது. மலைக்குடில்களில் சமையலறைத் தரையிலேயே அவை கூட்டமாக ஓடித் திரிவது வழக்கம். பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குச் சென்ற பிறகு அவை செல்லப் பிராணிகளாயின.

இவ்வரலாற்றிலிருந்து நாம் மூன்று செய்திகளைத் தெரிந்துகொள்கிறோம். கினிப்பன்றி குளிர்ந்த மலைநாட்டுக்கு உரியது. அது மரமேறும் விலங்கன்று. தரையில் ஓடும் விலங்கு. அது தனித்து வாழாது, கூட்டமாக வாழும். இடம், தரை, துணை ஆகிய இம்மூன்றையும் மனத்திற் கொண்டால், அதற்குரிய வீடு எத்தகையது என்பது தானே விளங்கும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். ஏறத்தாழ 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பம் கினிப்பன்றிக்கு ஏற்றது. நமக்கு வியர்க்கிறது, மின்விசிறிக் காற்றில் அந்த வியர்வை உலரும்போது உடல் குளிர்கிறது. கினிப்பன்றிக்கு இவ்வாறு வியர்த்துக் குளிரும் வசதி இல்லை. ஆதலால், மின்விசிறி சுழல்கிறது என்று நாம் அமைதி கொள்வது தவறு. மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறை, மேற்குச் சாளரம், அடுப்பங்கரை ஆகியவை கோடையில் அதற்கு ஆகா. வீட்டின் உட்பகுதியில் வெயில் படாத, ஆனால் காற்றோட்டமுள்ள அறையே சிறந்தது. கடுங்கோடையில் ஒரு மண்பானையைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் அதனுள் புகுந்து குளிர்ச்சி பெறும். உறைந்த நீருள்ள புட்டியைத் துணியில் சுற்றி ஒரு மூலையில் வைக்கலாம். குடிநீரை நாளுக்கு இருமுறை மாற்ற வேண்டும். எவ்வகையிலும் வெப்பத்தைத் தணிக்க இயலாத வீடாயின், கினிப்பன்றியை வளர்க்காமலிருப்பதே அதற்கு நாம் செய்யும் உதவி. வெப்பத்தால் அது துவண்டு விழுந்தால் உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, காதுகளையும் பாதங்களையும் குளிர்ந்த நீரால் நனைத்து, காலந்தாழ்த்தாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். பனிக்கட்டி நீரை மேலே கொட்டிவிடக் கூடாது.

ஓசையும் கருதத் தக்கது. மனிதச் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியைக் கேட்கும். கினிப்பன்றியின் செவியோ 50,000 வரையில் கேட்கவல்லது. இப்பேச்சைத் தாங்கிவரும் வானொலிப் பெட்டியின் அருகே அதன் வீட்டை வைக்க வேண்டாம் என்று வானொலியிலேயே கேட்டுக்கொள்கிறேன்!

அடுத்தது தரை. இரண்டு கினிப்பன்றிகளுக்குக் குறைந்தது நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள தரை வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் நன்றே. அடுக்கு மாடியாக உயர்த்திக் கட்டிய கூண்டு பார்வைக்கு அழகாயிருக்கலாம். ஆனால் தரையில் ஓடும் விலங்குக்கு உயரத்தால் பயன் இல்லை. ஏறும்போது தவறி விழுந்தால் எலும்பு முறியவும் கூடும். சுவர் ஒன்றரை அடி உயரம் இருந்தாற் போதும். பூனையோ எலியோ வரக்கூடிய வீடாயின் மேலே கம்பிவலை மூடியும் தேவை.

கம்பியாலான அடித்தளத்தை அறவே விலக்க வேண்டும். கினிப்பன்றியின் பாதம் மென்மையானது. இடைவிடாமல் கம்பியில் நின்றால் பாதத்தோல் புண்பட்டுக் கிருமி புகும். அந்நோய் எலும்பு வரை பரவுவதும் உண்டு. கண்ணாடித் தொட்டியும் ஏற்றதன்று. அதனுள் காற்றோட்டம் இராது. சுழலும் சக்கரம் முதுகெலும்புக்குக் கேடு. சமமான, வழவழப்பான, நீர் உறிஞ்சாத அடித்தட்டும், சுற்றிலும் கம்பிவலைத் தடுப்பும் உள்ள எளிய அமைப்பே சாலச் சிறந்தது.

அடித்தட்டின் மேல் இரண்டு மூன்று அங்குலக் கனத்துக்கு விரிப்பு வேண்டும். காகிதக் கூழால் செய்த விரிப்பு நல்லது. பல மடிப்புப் பழந்துணியையும், நாள்தோறும் மாற்ற இயலுமாயின், பயன்படுத்தலாம். மரமறுக்கும் இடத்து நுண்தூள் மூச்சுக்குழலைத் தாக்கும். தேவதாரு போன்ற மணமுள்ள மரங்களின் சீவலில் உள்ள ஆவிப்பொருள்களும் தீங்கு செய்வன. வைக்கோல் ஈரத்தை நன்கு உறிஞ்சாது. அதன் விறைத்த தாள் கண்ணைக் குத்தவும் கூடும். உண்பதற்கோ உலர்ந்த புல் எந்நேரமும் ஒரு மூலையில் இருத்தல் வேண்டும். கினிப்பன்றியின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. புல்லை மென்று மென்றே அவை தேய வேண்டும். உயிர்ச்சத்து சி-யைத் தன் உடலில் ஆக்கிக்கொள்ளும் ஆற்றலும் அதற்கு இல்லை. 1907-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு அறிஞர்கள் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்னும் இருவர், குறைபட்ட உணவால் கினிப்பன்றிக்கும் மனிதரைப் போலவே ஸ்கர்வி நோய் வருவதைக் கண்டு எழுதினர். ஆகவே பசுங்கீரையும் குடைமிளகாயும் நாள்தோறும் தேவை.

மூன்றாவது துணை. சுவிட்சர்லாந்து நாட்டில் 2008-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள், கினிப்பன்றியைத் தனியே வளர்க்கலாகாது என்று கூறுகின்றன. தன் இனத்தின் குரல் கேளாமல் வாழ்வது அதற்குத் துன்பம் என்பதே இதன் கருத்து. ஆனால் ஆணும் பெண்ணும் சேர்ந்தால் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் குட்டிகள் பிறந்துவிடும். ஆதலால் இரண்டு பெண்களையோ, ஒத்துப்போகும் இரண்டு ஆண்களையோ தேர்ந்தெடுத்து, மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்வது நலம். ஒவ்வொன்றுக்கும் ஒளிந்துகொள்ளத் தனியறை வேண்டும். அதற்கு இரண்டு வாயில்கள் இருந்தால், ஒன்று மற்றொன்றை உள்ளே மடக்கிச் சண்டையிடாது.

இனி, தூய்மை. ஈரமான பகுதியையும் எச்சத்தையும் நாள்தோறும் அகற்ற வேண்டும். வாரம் ஒருமுறை விரிப்பு முழுவதையும் மாற்ற வேண்டும். கினிப்பன்றியின் சிறுநீரில் சுண்ணச்சத்து மிகுதி. அது தட்டில் வெண்ணிறப் படிவாக ஒட்டிக்கொள்ளும். நீர் கலந்த வினிகரை ஊற்றிச் சிறிது நேரம் கழித்துக் கழுவினால் அப்படிவு நீங்கும். தட்டு நன்றாக உலர்ந்த பிறகே விலங்கை உள்ளே விட வேண்டும். வீடு தூய்மையாக இருக்கிறதா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. நின்ற நிலையில் மோந்து பார்க்காதீர்கள். குனிந்து, கினிப்பன்றியின் மூக்கு இருக்கும் உயரத்தில் உங்கள் மூக்கை வைத்துப் பாருங்கள். கண்ணைக் கரிக்கும் அம்மோனியா நெடி அங்கே இருந்தால், அதை இரவும் பகலும் அச்சிற்றுயிர் சுவாசிக்கிறது என்று பொருள்.

தொடக்கத்தில் கூறிய சிறுவனிடம் திரும்பி வருகிறேன். உயிர் பிழைத்த அந்த ஒன்றுக்காக அவன் புதியதொரு வீடு அமைக்க முனைந்தான். அடுத்த விடுமுறை நாளில் கையில் ஒரு சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டான். காலை முதல் மாலை வரை மணிக்கு ஒருமுறை, வெயில் தரையில் எதுவரை வருகிறது என்று கோடிட்டான். மாலையில் பார்த்தபோது, கூடத்தின் வடகிழக்கு மூலையில் மட்டும் ஒரு கோடும் இல்லை. அங்கேதான் நான்கடிக்கு இரண்டடித் தட்டை வைத்தோம். பருவந்தோறும் கதிரவன் வழி மாறும் என்று அறிந்து, சில மாதங்களுக்கு ஒருமுறை அச்சோதனையை அவன் மீண்டும் செய்கிறான். பிறகு ஒரு துணையை வாங்கி, நோய் ஏதும் உண்டோ என்று அறிய இரண்டு வாரங்கள் வேறு அறையில் வைத்திருந்து, அதன்பின் இரண்டையும் சேர்த்தான். இன்று அவன் காலடி ஓசை கேட்டதும் அவை இரண்டும் கீச்சிட்டு அழைக்கின்றன.

இறந்துபோன ஒன்றைப் பற்றி அவன் ஒருமுறை என்னிடம் சொன்னான்: "ஐயா, அதற்கு நான் நிறையக் கீரை கொடுத்தேன், ஆனால் அது இருந்த இடத்தில் ஒரு பிற்பகல்கூட நான் உட்கார்ந்து பார்த்ததில்லை." மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டில் கினிப்பன்றியோ, கிளியோ, மீனோ எது இருந்தாலும், வரும் விடுமுறை நாளில் அதன் அருகே ஒரு பிற்பகல் உட்கார்ந்து பாருங்கள். வெயில் எங்கே வருகிறது, காற்று எங்கே நிற்கிறது, நெடி எங்கே எழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குறை ஏதும் தெரிந்தால் அன்றே அதைத் திருத்துங்கள்.