கடலே தீர்த்தம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இந்தோனேசியாவைச் சேர்ந்த பாலித் தீவின் மக்களிற் பெரும்பாலோர் இந்துக்கள். சக வருடப் பிறப்பாகிய ஞெப்பி நாளுக்குச் சற்று முன்னர், கோயிற் றிருவுருவங்களை ஊர்வலமாகக் கடற்கரைக்குக் கொண்டுசென்று புனிதஞ் செய்வது அவர்கள் வழக்கம். மெலாஸ்தி என்பது அச்சடங்கின் பெயர். வல்லிபுரக்கோயிற் கடற்றீர்த்தத்தைக் கண்ட நமக்கு அதன் கருத்தை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

அத்தீவின் கரைகளிற் பிளாஸ்டிக் குப்பை மலிந்தபோது, 2013ஆம் ஆண்டில் மெலாத்தி வைசன், இசபெல் வைசன் என்னும் சகோதரிகள் பொலித்தீன் பைகளுக்கு எதிராக ஓர் இயக்கந் தொடங்கினர். மூத்தவருக்கு வயது 12, இளையவருக்கு 10. பணமோ பதவியோ இல்லாத பள்ளிச் சிறுமியர். கரையிற் குப்பை பொறுக்கினர், பாடசாலைகளிற் பேசினர், விமான நிலையத்தில் அனுமதி பெற்றுப் பயணிகளிடம் கையொப்பந் திரட்டினர். அப்போதும் ஆளுநரைக் காண முடியவில்லை. காந்தியடிகள் வாழ்ந்த இல்லத்தை இந்தியாவிற் கண்டுவந்த அவர்கள், உணவியல் வல்லுநரின் மேற்பார்வையில், காலை முதல் மாலை வரை உண்ணாநோன்பு இருக்கத் துணிந்தனர். ஒரு நாளுக்குள் ஆளுநரிடமிருந்து அழைப்பு வந்தது. பைகளை ஒழிக்க அவர் எழுத்தில் உறுதியளித்தார். அவ்வுறுதி சட்டமாக மேலுஞ் சில ஆண்டுகள் சென்றன. 2018இன் இறுதியிற் பிறந்த ஆணை பைகள், உறிஞ்சுகுழல்கள், ரெஜிபோம் ஆகியவற்றைத் தடைசெய்தது.

நம் நாட்டு நிலையோ மறுதலை. 2017 செப்டெம்பரிலேயே மெல்லிய பொலித்தீனுக்கும், லஞ்ச் சீற்றுக்கும், ரெஜிபோம் உணவுப்பெட்டிக்கும் தடை வந்துவிட்டது. சட்டம் முந்தியது, மனம் பிந்தியது. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து, பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையிற் குவிந்தபோது நாமெல்லாம் கொதித்தெழுந்தோம். அது நியாயமே. ஆனால், திருவிழாவின் மறுநாள் தீர்த்தக்கரையிற் கிடக்கும் போத்தலுக்கும் பைக்கும் எந்தக் கப்பலைக் குற்றஞ் சொல்வோம்? அவை உக்குவதில்லை. வெயிலிலும் அலையிலும் நொறுங்கித் துகளாகி மீனின் வயிற்றுக்குட் செல்கின்றன. மிதக்கும் பையை இரையென்று ஆமை விழுங்குகின்றது.

"படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த வேலை ஏன்?" எனச் சில பெரியோர் கேட்பர். அயலாரைக் கண்டிப்பது எளிது. தண்ணீர்ப் பந்தலில் போத்தல் நீர் வழங்கும் புண்ணியவானிடம், "ஐயா, செம்பில் வாருங்கள்" என்று சொல்வது அரிது. அவர் நம் மாமனாராகவோ சித்தப்பாவாகவோ இருப்பார். அன்போடும் பணிவோடும் அதனைச் சொல்லும் உரிமை வீட்டுப் பிள்ளைகளுக்கே உண்டன்றோ?

ஆகவே, இவ்வாண்டு மூன்று காரியங்களை மேற்கொள்வோம். அன்னதானத்தை வாழையிலையில் இடும்படி கோயிற் றர்மகர்த்தாக்களை வேண்டுவோம். தண்ணீர்ப் பந்தலுக்குச் செம்பும் குவளையும் சங்கத்திலிருந்து கொடுத்து, கழுவும் வேலையை நாமே ஏற்போம். தீர்த்தம் முடிந்த அன்று மாலையே கரையைக் கூட்டி, குப்பையைப் பிரதேச சபையிடம் ஒப்படைப்போம்.

சுவாமி தீர்த்தமாடும் நீரைத் தூய்மையாய் வைத்திருப்பதும் வழிபாடே. வாழ்க நம் சங்கம்!