படிப்பும் படமும்



தீபாவளிக்கு முந்தைய மாலைப் பொழுதில் சிராங்கூன் சாலை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தோரண விளக்குகளின் கீழே கூட்டம் நெரிகிறது. பூக்கடை ஓரத்தில், தோளில் கனமான பையுடன் ஓர் இளைஞர் மண்டியிட்டு, கேமராவைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். அவர் கூலிக்குப் படம் எடுக்கிறாரா, கல்லூரிப் பாடத்துக்காக எடுக்கிறாரா? பெரும்பாலும் இரண்டுக்கும்தான். படிப்பு, பகுதிநேர வேலை, கருவி ஆகிய மூன்றையும் ஒரே தோளில் சுமக்கும் அந்த மாணவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

புகைப்படத் தொழில் சிங்கப்பூருக்குப் புதிதன்று. ஜெர்மனியிலிருந்து வந்த லாம்பர்ட் என்பவர் 1867ஆம் ஆண்டிலேயே இங்குப் புகைப்பட நிலையம் திறந்தார். அக்காலத்தில் தொழில் கற்க விரும்பியவர் ஒரு நிலையத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, இருட்டறையில் நின்று பழக வேண்டும். இன்றோ கல்லூரிகள் இருக்கின்றன. நன்யாங் நுண்கலைக் கழகம் 1938இல் தோன்றியது. லாசால் கலைக் கல்லூரி 1984இல் தொடங்கியது. இவ்விரண்டும் 2024இல் சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் என்னும் ஒரே குடையின்கீழ் வந்தன. லாசாலின் மெக்நெல்லி தெரு வளாகத்திலிருந்து தேக்காவுக்கு நடந்தே போய்விடலாம்.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அன்று எடுபிடியின் கையிலிருந்த கருவி முதலாளியுடையது. இன்றைய மாணவரோ தமக்குத் தாமே முதலாளி, தாமே எடுபிடி. கருவி கெட்டால் நட்டம் அவருடையதுதான்.

முதலில் கருவியைப் பார்ப்போம். புதிய மாணவரைப் பிடிக்கும் முதல் ஆசை, பெரிய கேமரா வாங்கும் ஆசை. உண்மையில் கோயில் மண்டபம் போன்ற வெளிச்சம் குறைந்த இடத்தில் உதவுவது லென்ஸின் வாய் எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பதுதான். எஃப் 5.6 அளவுக்குத் திறக்கும் லென்ஸைவிட, எஃப் 1.8 அளவுக்குத் திறக்கும் லென்ஸ் ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். விலை மலிவான 50 மில்லிமீட்டர் லென்ஸ்கள் பல இந்த அளவுக்குத் திறப்பவை. நகர மண்டப நிலையத்துக்கு அருகிலுள்ள பெனின்சுலா கடைத்தொகுதியில் பழைய கேமராக்களும் லென்ஸ்களும் கிடைக்கும். ஆண்டுக்கு இருமுறை மட்டுமே தேவைப்படும் கருவியை வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பதே அறிவுடைமை.

வாங்கிய கருவியைக் காப்பதும் ஒரு பாடம். சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. இந்த ஈரத்தில் லென்ஸின் உட்புறம் பூசணம் பிடிக்கும். முற்றிவிட்டால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். ஆகவே ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருக்கும் உலர்பெட்டி ஆடம்பரமன்று. அது இயலாதவர், காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளை இட்டு வைக்கலாம். குளிர்சாதன அறையிலிருந்து வெயிலுக்கு வரும்போது கேமராவைப் பைக்குள்ளேயே சிறிது நேரம் விட்டுவைத்தால், கண்ணாடியில் நீர் பூக்காது.

அடுத்து வேலை. உறவினர் ஒருவர், "தம்பி, நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு நீயே படம் எடுத்துடுப்பா, 300 வெள்ளி தர்றேன்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காலைப் பொழுதுக்கு 300 வெள்ளியா என்று மனம் துள்ளும். கணக்குப் போட்டுப் பாருங்கள். படம் எடுக்க 5 மணி நேரம். போக வர 2 மணி நேரம். நல்ல படங்களைப் பொறுக்க 3 மணி நேரம். அவற்றைத் திருத்த 8 மணி நேரம். ஆக 18 மணி நேரம். பயணம், வாடகைக் கருவி என்று 50 வெள்ளி செலவாகியிருந்தால் எஞ்சுவது 250. மணிக்கு 14 வெள்ளிகூடத் தேறவில்லை! கேமராவின் தேய்மானத்தை இன்னும் கழிக்கவே இல்லை. வேலையை ஏற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த 18 மணி நேரம் எந்த வாரத்திலிருந்து வரப்போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள் என்கிறேன். தீபாவளிக் காலத்து வேலைகளும் பருவ இறுதிப் பணிகளும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒட்டியே வருகின்றன.

பொறுப்பும் சிறிதன்று. கெட்டிமேளம் ஒலித்துத் தாலி கட்டும் கணம் ஒரே முறைதான் வரும். மின்கலம் தீர்ந்துவிட்டது என்று மாப்பிள்ளையை மறுபடியும் கட்டச் சொல்ல முடியுமா? எனவே மாற்று மின்கலமும் மாற்று அட்டையும் பையில் இருந்தே ஆக வேண்டும். அன்றிரவே படங்களை இரண்டு தனித்தனி இடங்களில் படியெடுத்து வைக்காமல் உறங்கப் போகக் கூடாது.

உரிமையையும் அறிந்திருக்க வேண்டும். முன்பெல்லாம், பணம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவருக்கே அதன் பதிப்புரிமை சேர்ந்தது. 2021 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம் இதை மாற்றியது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால், படத்தை எடுத்தவருக்கே உரிமை. ஒரு நிறுவனத்தின் ஊழியராக வேலையின் பொருட்டு எடுத்த படம் மட்டும் நிறுவனத்துக்கு உரியது. ஆயினும் சட்டம் இருக்கிறதே என்று வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். கூலி எவ்வளவு, எத்தனை படங்கள், என்றைக்குத் தருவது, யார் எங்கே பயன்படுத்தலாம் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டால் உறவும் கெடாது. வெளிநாட்டு மாணவர்கள், வேலையை ஏற்குமுன் தங்கள் அனுமதி அட்டை அதற்கு இடம் தருகிறதா என்று மனிதவள அமைச்சின் விதிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் படிப்பு எதற்கு, தொழில்தான் கைவந்துவிட்டதே என்று சிலர் கேட்கலாம். சுவா சூ பின் என்னும் சிங்கப்பூர்ப் புகைப்படக் கலைஞரை எண்ணிப் பாருங்கள். விளம்பரப் படங்களே அவருக்குத் தொழிலாக இருந்தன. ஆனால் 1980களில், முதிய சீன மை ஓவியர்களைத் தேடிச் சென்று, யாரும் கூலி பேசாத உருவப்படங்களை எடுத்தார். அந்த வரிசைதான் பின்னர் நூலாக வந்து அவருக்குப் பெயர் தந்தது. 1988இல் அவர் கலாசாரப் பதக்கமும் பெற்றார். வாடிக்கையாளர் கேட்பது நமக்கு ஏற்கெனவே தெரிந்த படத்தை. நமக்கு இன்னும் எடுக்கத் தெரியாத படத்தைக் கேட்பவர் ஆசிரியர் ஒருவர்தான். அந்தப் படத்தில் தவறினாலும் யாருடைய கல்யாணமும் கெடாது. தவறு செய்ய உரிமை தரும் அந்தச் சில ஆண்டுகளை 14 வெள்ளிக்கு விற்றுவிடலாமா?

ஆகவே மாணவ நேயர்களே, மாதத்துக்கு எத்தனை வேலை என்று ஒரு வரம்பு கட்டிக்கொள்ளுங்கள். வரும் பணத்தில் ஒரு பங்கைப் பழுது பார்ப்பதற்கென்று ஒதுக்குங்கள். வாரத்தில் ஒரு காலைப் பொழுதாவது, எவருக்காகவும் அன்றி, உங்களுக்காக மட்டும் தேக்காச் சந்தையைச் சுற்றி வாருங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். பிள்ளை அடுத்த லென்ஸ் கேட்கும்போது, "விலை என்ன?" என்று கேட்பதற்கு முன், "சென்ற லென்ஸில் எடுத்த படங்களைக் காட்டு, பார்க்கலாம்" என்று கேளுங்கள். கேட்டபின் உட்கார்ந்து பொறுமையாகப் பாருங்கள். உங்கள் கேள்விக்கு விடை அந்தப் படங்களிலேயே இருக்கும்.