நன்கொடைக்காக ஏறும் மலை

ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ சிகரம் 5,895 மீட்டர் உயரமுடையது. அதில் ஏறுவதாக அறிவித்து, நண்பர்களிடம் நன்கொடை திரட்டி, நற்பணிகளுக்கு அளிக்கும் வழக்கம் இந்நாளில் உண்டு. அத்தகைய குழுவொன்றில் சேர்ந்து, நான் வாழும் புனேயை அடுத்த சின்ஹகட் கோட்டைக்கு ஞாயிறுதோறும் ஏறினேன்.

பழனி, சோளிங்கர்ப் படிகளில் ஏறிப் பழகிய நமக்கு இஃது எளிது என்று எண்ணியது தவறு. முதுகில் பத்துக் கிலோ சுமையுடன் ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலுக்குச் சோதனை. மேலே பிட்லாவும் பாக்ரியும் மண்சட்டித் தயிரும் கிடைக்கும். அவற்றுக்காகவே பயிற்சிக்கு வந்தோரும் உண்டு, நான் உட்பட.

ஆனால், சின்ஹகட் ஏறத்தாழ 1,300 மீட்டரே. அது கால்களைப் பழக்கும். உயரத்திற்கு உடலைப் பழக்காது. கிளிமஞ்சாரோ உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். மலைநோய் வலியோர் என்று எவரையும் விடுவதில்லை. விரைந்து ஏறுவோர்க்கே அபாயம் மிகுதி. அங்குள்ள வழிகாட்டிகள் சுவாஹிலி மொழியில் ‘போலே போலே’, அதாவது ‘மெல்ல மெல்ல’, என்பது இதனால்தான். தலைவலி மிகுந்து நடை தள்ளாடினால், உடனே கீழிறங்க வேண்டும்.

அங்கேதான் நன்கொடை இடையூறாகிறது. உச்சியை எட்டுவேன் என்று வாக்களித்துப் பணம் பெற்றவர் திரும்பக் கூசுவார். ஆகவே, கடைசிப் பயிற்சி நாளன்று நன்கொடைச் சீட்டுகளில் ‘உச்சிக்காக’ என்பதை அடித்து, ‘பயணத்திற்காக’ என்று எழுதினோம். கொடுத்தவர் ஒருவரும் பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை.