எங்கள் அளவில் ஒரு சட்டையும் ஜக்கெற்றும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவர் மேடைக்கு வந்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோதான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எங்கள் வகுப்பின் சார்பில் நாங்கள் இன்று பேச எடுத்துக்கொண்டது தையல். அதோ அந்த மேசையில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழியரைப் பார்த்தால் காரணம் விளங்கும். நாங்கள் 9 பேரும் போட்டிருப்பது நாங்களே வெட்டித் தைத்த சட்டையும் ஜக்கெற்றும். ஜக்கெற் என்றதும் சேலைக்குப் போடும் பிளவுஸை நினைத்துவிடாதீர்கள். இது சட்டைக்கு மேல் போடும், முன்பக்கம் திறந்த மேலுடுப்பு.

இந்த யோசனை எங்களில் ஒருத்தியால் வந்தது. அவளுடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம். இரண்டு வருடங்களுக்கு முன் அவளுக்கு மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை நடந்தது. சுகமாகி வேலைக்கும் போய்விட்டாள். ஆனால் நூற்றாண்டு விழாவுக்கு வரமாட்டேன் என்றாள். போடுவதற்கு உடுப்பு இல்லையாம். கடையில் தொங்கும் சட்டைகள் எல்லாம் இடமும் வலமும் ஒரே அளவில் வெட்டப்பட்டவை. அவளுடைய உடம்பு இப்போது அப்படி இல்லை.

யோசித்துப் பார்த்தால் எங்களில் எவருடைய உடம்புதான் கடை அளவில் இருக்கிறது? பிள்ளைப்பேறு, தைரொயிட், கர்ப்பப்பை சத்திரசிகிச்சை என்று நாற்பதுகளில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று. உடுப்பு பொருந்தாவிட்டால் நாங்கள் உடம்பைத்தான் குறை சொல்லப் பழகியிருக்கிறோம். வைத்தியசாலையிலும் இதைக் காண்கிறோம். வருத்தம் மாறிய பிறகும் கலியாண வீட்டுக்குப் போகாமல், கோயிலுக்குப் போகாமல் வீட்டோடு இருந்துவிடுகிற பெண்கள் இருக்கிறார்கள். விசாரித்தால் காரணம் பல வேளை உடுப்பில் வந்து நிற்கும்.

எங்கள் தையல் வகுப்பு உங்களுக்கு நினைவிருக்கும். கொப்பியின் ஒவ்வொரு பக்கத்திலும் சின்னத் துணித்துண்டு ஒட்டி, அதில் ஓட்டுத் தையல், பின் தையல், சங்கிலித் தையல், தெறிக்கண் தையல் என்று போட்டுக் காட்டினோம். மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளிலும் அந்த வகுப்பு நடந்தது. கால் மெஷினுக்கு மின்சாரம் தேவையில்லை, அயன் பெட்டிக்குச் சிரட்டைக்கரி இருந்தது. 1995 இடப்பெயர்வோடு எங்களில் பலருடைய கொப்பிகள் போய்விட்டன. பிறகு உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவுக்குப் போன நாங்கள் ஊசியைக் கையில் எடுத்தது தோலைத் தைக்கத்தான்.

ஆகவே முதலில் இருந்து தொடங்கினோம். தையல் ரீச்சர் சொல்லித் தந்த முதல் பாடம் அளவெடுப்பது. நாடாவை இழுத்துப் பிடிக்காமல், மூச்சை உள்ளே இழுக்காமல், மார்பு, இடை, இடுப்பு, தோள், மேற்கை, உயரம் எல்லாவற்றையும் எழுத வேண்டும். நாங்கள் இதில் ஒன்றைச் சேர்த்தோம். இடம், வலம் இரண்டையும் வேறுவேறாக அளந்தோம். எங்களில் பலருக்கு இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இல்லை. தோழியின் ஒரு கை மற்றதைவிட 2 அங்குலம் பருமன். அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை எடுத்தால் அந்தக் கை வீங்கலாம். சில வருடங்கள் கழித்தும் வரலாம்.

துணிக்கு மருதமுனைக் கைத்தறிப் பருத்தியை எடுத்தோம். 45 அங்குல அகலத்தில் சட்டைக்கு 3 யார், ஜக்கெற்றுக்கு 2 யார் போதும். வெட்ட முன் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்து மினுக்கிக்கொள்ளுங்கள். பருத்தி சுருங்கினால் தைத்த உடுப்போடு சேர்ந்து சுருங்கும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தால் சாயம் போகுமா என்பதும் தெரிந்துவிடும்.

வெட்டும்போது பாவு நூல் உடம்பின் நெடுக்கே வரவேண்டும். துணியின் கரைக்குச் சமாந்தரமாக வைத்தால் சரி. சரிந்து வெட்டினால் சட்டை ஒரு பக்கம் இழுபடும். மனிதத் தோலிலும் இப்படி ஓர் ஓட்டம் உண்டு. 1861 இல் கார்ல் லாங்கர் என்ற ஒஸ்திரிய உடற்கூற்றியலாளர் அதை ஆராய்ந்து எழுதினார். அந்தக் கோடுகளின் வழியே வெட்டினால் தழும்பு மெல்லியதாக ஆறும் என்று மருத்துவ பீடத்தில் படித்தபோது, துணியின் ஓட்டம் பார்க்கச் சொன்ன எங்கள் ரீச்சரைத்தான் நினைத்தோம்.

நல்ல துணியில் கத்தரி வைக்க முன் பழைய வேட்டியில் ஒரு மாதிரிச் சட்டை வெட்டி, பெரிய தையல்களால் கோத்துப் போட்டுப் பார்த்தோம். இழுக்கும் இடமும் தொங்கும் இடமும் அதிலேயே தெரிந்துவிடும். தோழிக்கு அந்த மாதிரியை மூன்று தரம் திருத்தினோம்.

சட்டை எளிமையானது. கழுத்துக்குக் கொலர் இல்லை, முழங்காலுக்குக் கீழே வரும் நீளம், மார்புச் சுற்றுக்கு மேல் 3 அங்குலம் தளர்வு. டாட் பிடிப்பவர்கள் அதன் நுனியை மார்பின் மேட்டுக்கு ஓர் அங்குலம் முன்னே நிறுத்துங்கள். தோழியின் சட்டையில் டாட்டை விட்டுவிட்டோம். தோளின் கீழே ஒரு துண்டு பிரித்து அதிலிருந்து சுருக்கு வைத்தோம். இடம் வலம் வித்தியாசம் சுருக்கிலே கரைந்துவிட்டது. முன்பக்கம் முழுவதும் தெறி. கையைத் தலைக்கு மேல் தூக்காமல் போடலாம், கழற்றலாம்.

ஜக்கெற் சட்டைக்கு மேல் போவதால் எல்லாம் சற்றுக் கூட வேண்டும். தளர்வு 5 அங்குலம், தோள் அரை அங்குலம், கைக்குழி முக்கால் அங்குலம் ஆழம். கைக்குழி போதாவிட்டால் உள்ளே சட்டைக் கை திரண்டு நிற்கும். முன் ஓரத்துக்கும் கழுத்துக்கும் மெல்லிய பருத்தியை உள்ளே வைத்து மடித்தோம். எங்கள் வெயிலுக்கு முழு உட்துணி வேண்டாம். அதற்குப் பதிலாக ஒவ்வொரு தையல் ஓரத்தையும் குறுக்கே வெட்டிய நாடாத்துணியால் மூடித் தைத்தோம். தோலில் உராயாது. வீங்கக்கூடிய கைக்கு இது மிக முக்கியம். தோழியின் ஜக்கெற்றின் இரண்டு கைகளையும் பருமனான கையின் அளவுக்கே வெட்டினோம். இதைக் கேட்பவர்களில் யாருக்காவது பழைய சட்டைக் கை திடீரென்று இறுகினால், தையலைப் பிரிக்க முன் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஒவ்வொரு தையலையும் போட்டவுடன் மினுக்குங்கள். வீட்டில் தைத்ததா, நல்ல தையற்காரர் தைத்ததா என்று பார்ப்பவருக்குக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அயன்தான். இரண்டிலும் பொக்கற் வைக்க மறக்காதீர்கள். பெண்களின் உடுப்பில் பொக்கற் வைக்கக் கடைக்காரருக்கு ஏனோ மனம் வருவதில்லை.

போடும் விதம் பற்றியும் கேட்டீர்கள். ஜக்கெற்றை இடுப்பின் அகலமான இடத்தில் முடிக்காமல் அதற்கு மேலே முடித்தால் உயரமாகத் தெரியும். முக்கால் கை மணிக்கட்டைக் காட்டும், வேலைக்கும் தடையில்லை. ஒன்று கோடு போட்டதென்றால் மற்றது அதே கோட்டின் ஒரு நிறத்தில் வெறுமையாக இருக்கட்டும். அப்போது இந்த ஜக்கெற்றை வேறு சட்டைக்கும் போடலாம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து வந்தவர்கள் குளிருக்கு உள்ளே ஒரு கம்பளிச் சட்டை போட இடம் விட்டே வெட்டியிருக்கிறார்கள்.

தோழி இன்று வந்திருக்கிறாள். இரண்டாவது வரிசையில், நீலக் கோட்டு ஜக்கெற். காலையிலிருந்து எத்தனையோ பேர் எங்கே வாங்கினாய் என்று கேட்டுவிட்டார்கள்.

இனிச் சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். எங்கள் வகுப்பு கல்லூரிக்கு 2 தையல் மெஷின்கள் தருகிறது. சனிக்கிழமைகளில் ஒரு வகுப்பு தொடங்குங்கள். விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளையும் அதில் சேருங்கள். மகரகமவிலும் தெல்லிப்பழையிலும் சிகிச்சை பெறும் பெண்களுக்கு முன்திறந்த, கை தளர்ந்த மேலுடுப்புகள் தேவை. பிள்ளைகள் தைக்கட்டும், செலவை நாங்கள் பார்க்கிறோம். தன் உடம்பைக் கூச்சமில்லாமல் அளந்து எழுதத் தெரிந்த பெண் பிள்ளை, அதில் ஒரு மாற்றம் வந்தால் வைத்தியரிடமும் நேரத்தோடு வருவாள்.