நிறுத்திய வண்டி நிற்க வேண்டும்

ஓடும் வண்டியைக் கண்டு வியப்போர் பலர். நிற்கும் வண்டியைக் கண்டு வியப்போர் எவரும் இலர். எனினும், மலைச் சரிவில் ஒரு மோட்டார் கார், உள்ளே ஓர் ஆளும் இல்லாமல், மணிக்கணக்காக அசையாது நிற்கிறதே, அதைப் பிடித்து நிறுத்தியிருப்பது எது? கைப் பிரேக்கு என்னும் சிறு கருவியே அது. அதனைப் பற்றி மாணவ நண்பர்களோடு இன்று சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

நான் வாழும் திருத்தணி, முருகப் பெருமானின் அறுபடை வீடுகளுள் ஒன்று. மலைமீதுள்ள கோயிலுக்கு 365 படிகள் உண்டு. ஆண்டின் நாட்களை அவை குறிக்கின்றன என்பர் பெரியோர். படியேற இயலாதவர்க்கு வண்டிப் பாதையும் உண்டு. தமிழ்நாட்டு ஊர்களிலிருந்தும், அருகிலேயே எல்லை தொடங்கும் ஆந்திரப் பிரதேசத்திலிருந்தும் அன்பர்கள் கார்களில் வந்து அப்பாதையில் ஏறுகின்றனர். முதியோரும், குழந்தையைத் தோளில் சுமந்த தாய்மாரும் அவ்வண்டிகளின் அருகிலேயே நடக்கின்றனர். எனவே, நிறுத்திய வண்டி நிற்கிறதா இல்லையா என்பது எங்கள் ஊரில் வண்டிக்காரர் ஒருவருடைய கவலை மட்டும் அன்று. வழியில் நடப்போர் அனைவருடைய உயிரையும் பற்றியது.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 10 மீட்டர் சென்றால் 1 மீட்டர் உயரும் சரிவு ஒன்றைக் கொள்வோம். அதில் 1,200 கிலோகிராம் எடையுள்ள ஒரு கார் நிற்கிறது. அதனைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 120 கிலோகிராம் பாரத்துக்குச் சமம். அதாவது, இரண்டு ஆட்களின் எடை. பிடி தளர்ந்துவிட்டால் அவ்வண்டி 5 விநாடிகளில் ஏறத்தாழ 10 மீட்டர் உருண்டு, மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். உரிமையாளர் ஓடிச்சென்று கதவைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும் அன்றோ? இக்காரணம் பற்றியே 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்ற ஒருவர் இல்லாதபோது பொது இடத்தில் நிற்கும் வண்டி தானாக நகராதபடி இயந்திரத்தை நிறுத்திப் பிரேக்கைப் போடவேண்டும், அல்லது அதற்கு ஈடான வேறு ஏற்பாடு செய்யவேண்டும் என விதிக்கிறது.

கைப் பிரேக்கு எவ்வாறு இயங்குகிறது? காலால் மிதிக்கும் பிரேக்கு எண்ணெயின் அழுத்தத்தால் வேலை செய்வது. காலை எடுத்தால் அழுத்தம் நீங்கிவிடும்; குழாயில் கசிவு ஏற்பட்டாலோ அழுத்தமே பிறவாது. ஆதலின் ஆளில்லாத வண்டியைக் காக்கும் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்க இயலாது. கைப் பிரேக்கில் எண்ணெய்க்கு வேலையில்லை. கைப்பிடியிலிருந்து பின்சக்கரம் வரை எஃகுக் கேபிள் ஒன்று செல்கிறது. கைப்பிடியை உயர்த்தும்போது அடியிலுள்ள பல்வரிசையில் ஒரு கொக்கி 'கடக், கடக்' என்று மாட்டிக்கொள்கிறது. அதனால் கையை எடுத்த பின்னும் இழுப்பு நீங்குவதில்லை.

கைப்பிடி ஒரு நெம்புகோல். நாம் 15 கிலோகிராம் அளவு விசையோடு இழுக்க, அது 6 மடங்கு பெருகுவதாகக் கொண்டால், கேபிளில் 90 கிலோகிராம் அளவு இழுப்பு உண்டாகும். அதனைச் சமன்கோல் ஒன்று வலச் சக்கரத்துக்கும் இடச் சக்கரத்துக்கும் சரிபாதியாகப் பங்கிடுகிறது. நம் நாட்டுச் சிறு கார்கள் பலவற்றில் பின்சக்கரத்தில் டிரம் எனப்படும் இரும்பு வளையம் உண்டு. அதனுள்ளே மற்றொரு சிறு நெம்புகோல் அவ்விசையை மீண்டும் பெருக்கி, இரு பிரேக் ஷூக்களையும் டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகிறது. வகுப்பறையில் நீங்கள் படிக்கும் நெம்புகோலும் உராய்வும் இங்கே உயிர் காக்கும் பணியைச் செய்கின்றன.

இனிப் பழுதுக்கு வருவோம். நாளடைவில் கைப்பிடி முன்னைவிட உயரமாக எழும்பத் தொடங்கும். முன்பு சில பற்களிலேயே பிடித்த பிரேக்கு, இப்போது கடைசிப் பல் வரை இழுத்தும் பிடிக்காது. உடனே பலரும் செய்வது என்ன? கேபிளின் நட்டை முறுக்கி இறுக்கிவிடுகின்றனர். கைப்பிடியும் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. பழுது தீர்ந்ததென மனம் நிறைகின்றனர். இஃது, காய்ச்சல் காரனுக்கு நோயின் காரணம் அறியாமல் நெற்றியில் ஈரத்துணி போடுவதை ஒக்கும்.

ஒருமுறை எங்கள் மலைப்பாதை ஓரத்தில் ஒரு காரைக் கண்டேன். கைப்பிடி உறுதியாகவே இருந்தது. முந்தின நாள்தான் கேபிளை இறுக்கியதாக உரிமையாளர் கூறினார். ஆயினும் காலை எடுத்தவுடன் வண்டி நகர்ந்தது. பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மையார் விரைந்து சக்கரத்தின் கீழே ஒரு கல்லை இட்டார், வண்டி நின்றது. பின்னர் டிரம்மைக் கழற்றிப் பார்த்தபோது, ஷூவின் லைனிங் முழுவதும் எண்ணெய் படிந்திருந்தது. வழுக்கும் பொருளை எவ்வளவு இறுக்கி அழுத்தினால் என்ன? பழுது கைப்பிடியில் தெரிந்தது, இருந்ததோ சக்கரத்தினுள்.

ஆகவே சக்கரத்திலிருந்து தொடங்குவதே முறை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைக்க வேண்டும். பழுதான பிரேக்கை நம்பி வண்டியின் கீழே கை நீட்டுதல் ஆகாது. பின்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்திய பின் உறுதியான தாங்கியில் இருத்துதல் வேண்டும். டிரம்மைக் கழற்றி லைனிங்கின் கனத்தைக் காண்க. தேய்ந்திருந்தாலும், எண்ணெய் குடித்திருந்தாலும், இரு சக்கரங்களின் ஷூக்களையும் ஒருசேர மாற்றுக. எண்ணெய் வந்த வழியையும் கண்டு அடைக்க வேண்டும். இன்றேல் புதிய ஷூவும் பழைய கதியையே அடையும். உள்ளே படிந்த தூசியை வாயால் ஊதலாகாது. அது நுரையீரலுக்குத் தீங்கு செய்வது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

அடுத்து, ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். பல கார்களில் அதனைத் தானே சரிசெய்து கொள்ளும் அமைப்பு உண்டு. கேபிள் அளவுக்கு மீறி இறுகியிருந்தால் அவ்வமைப்பு இயங்காமல் போகும். அதன் பின்னர்க் கேபிளைப் பார்க்கலாம். மேலுறை கிழிந்து மழைநீர் புகுந்து துருப்பிடித்த கேபிள், இழுத்தால் வரும், விட்டால் திரும்பாது. ஷூ டிரம்மை உரசிக்கொண்டே ஓடும், சக்கரம் சுடும், கருகல் நாற்றம் வீசும். அத்தகைய கேபிளை மாற்றுவதே அறிவுடைமை. எல்லாம் முடிந்த பின்னரே, இறுதி வேலையாக நட்டைத் திருக வேண்டும். எத்தனை பற்களில் பிடிக்க வேண்டும் என்பது அந்தந்தக் காரின் கையேட்டில் இருக்கும். கைப்பிடியைத் தாழ்த்தினால் சக்கரம் தடையின்றிச் சுழலவேண்டும். உயர்த்தினால் இரு சக்கரங்களும் ஒருங்கே நிற்கவேண்டும். இதுவே சோதனை.

சரிவில் வண்டியை நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு. கால் பிரேக்கை மிதித்தபடியே கைப் பிரேக்கை இழுத்து, மெல்லக் காலைத் தளர்த்தி, வண்டி நிற்கிறதா எனக் காண வேண்டும். பிறகு இயந்திரத்தை நிறுத்தி, ஏற்றத்தை நோக்கி நின்றால் முதல் கியரிலும், இறக்கத்தை நோக்கி நின்றால் பின்செல்லும் கியரிலும் போட்டுவைக்க வேண்டும். கியர் மட்டும் போதுமெனக் கைப் பிரேக்கைத் தொடாமலே விடுவோர் உளர். பயன்படுத்தாத கேபிள் விரைவில் துருப்பிடிக்கும். தேவைப்படும் நாளில் கைவிடும். மழைக்காலத்தில் பல நாட்கள் வண்டியைச் சமதரையில் நிறுத்திவைப்பதானால், ஷூ டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளாதபடி கைப் பிரேக்கைத் தளர்த்தி, கியரில் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைப்பது நன்று.

இன்று பொத்தானை அழுத்தினால் மின்சார மோட்டாரே பிரேக்கை இறுக்கும் கார்களும் வந்துவிட்டன. அவற்றை உரிய கருவியும் பயிற்சியும் உள்ள மெக்கானிக்கிடமே ஒப்படைக்க வேண்டும். ஆனால் இறுதியில் உராய்வே அவற்றிலும் வண்டியைப் பிடிக்கிறது.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டில் கார் இல்லாவிட்டாலும் மிதிவண்டி இருக்கலாம். கேபிளால் இயங்கும் பிரேக்கு அதில் இருந்தால், பிடியிலிருந்து சக்கரம் வரை அக்கேபிள் செல்லும் வழியைப் பின்தொடர்ந்து பாருங்கள். எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே துருவேறியிருக்கிறது என்று கண்டறியுங்கள். கைக்கு எட்டிய நட்டை முதலில் திருகாமல், விசை எங்கே போய்ச் சேர்கிறதோ அங்கிருந்து ஆராயும் பழக்கம் உங்களுக்கு வாய்க்குமானால், பிரேக்கை மட்டுமன்றி வேறு பல பழுதுகளையும் நீங்கள் செம்மையாகத் தீர்ப்பீர்கள்.